சூட்டுக்கு அசராத ஈஸ்ட்: வாசகர் கேள்வி - பதில்

சித்திரை வெயிலில் கல்லூரி ஆய்வகத்தில் பேக்கரி ஈஸ்ட் போட்டு மொலாசஸை (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை) எத்தனாலுக்காகப் புளிக்க வைத்தோம். இரண்டாம் நாளே நுரை அடங்கிவிட்டது. பாதிச் சர்க்கரை மிச்சம், தயிர் வாடை வேறு. வெப்பம் தாங்கும் ஈஸ்டுக்கு மாறினால் சரியாகுமா?
– மாணவி, காரைக்குடி

ஆகும். ஆனால் ஈஸ்டை மட்டும் மாற்றினால் போதாது.

பேக்கரி ஈஸ்டுக்கு 30-32 டிகிரி சௌகரியம். 38-ஐத் தொட்டால் அதன் செல்சவ்வு தளரும். புளிப்பில் உண்டாகும் எத்தனால் (சாராயம்) சேரச் சேர அது இன்னும் மோசமாகி, சர்க்கரை இருக்கும்போதே ஈஸ்ட் படுத்துவிடும். அதே சூடு லாக்டிக் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். தயிர் வாடை அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் சின்னக் குடுவையில் குற்றவாளி அறையின் வெயில். பெரிய தொட்டியில் ஈஸ்டே சூடு கிளப்பும்: 12 சதவீதச் சர்க்கரைக் கரைசல் முழுதும் புளித்தால், குளிர்விக்காத பட்சத்தில் 16-17 டிகிரி ஏறும். கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை வைத்து அதை இறக்க முடியாது.

வெப்பம் தாங்கும் ஈஸ்டான க்ளூவெரோமைசிஸ் மார்க்சியானஸ் 40-42 டிகிரியிலும் நன்றாகப் புளிக்க வைக்கும். சண்டிகர் எம்.டி.சி.சி., புனே என்.சி.ஐ.எம். என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்புகளில் கல்லூரி மூலம் வாங்கலாம். அதன் பலவீனம், எத்தனால் 6-7 சதவீதம் தாண்டினால் திணறும். அதனால் சர்க்கரையை 12 சதவீதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒரு கிலோ மொலாசஸில் புளிக்கக்கூடிய சர்க்கரை ஏறக்குறைய 480 கிராம். தண்ணீர் சேர்த்து மொத்தம் 4 லிட்டராக்கி, நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4.8-க்குக் கொண்டுவாருங்கள். 80 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, அடியில் தங்கும் கசடை விட்டுவிட்டு மேல்தெளிவை எடுங்கள். ஈஸ்டுக்கு உணவாக லிட்டருக்கு யூரியா 1 கிராம், டி.ஏ.பி. அரை கிராம் சேருங்கள். இதில் 400 மில்லியில் ஈஸ்டைப் போட்டு, பஞ்சடைத்த குடுவையில் 38-40 டிகிரியில் இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்து, பிறகு மீதியோடு சேருங்கள்.

பலரும் சறுக்குவது காற்றில். இந்த ஈஸ்ட் காற்றே இல்லாமல் வளராது. காற்று மிஞ்சினாலோ சர்க்கரையைத் தின்று உடம்பை வளர்க்கும், எத்தனால் தராது. ஆகவே வளர்க்கும்போது மட்டும் காற்று. சேர்த்த பிறகு குழாய் செருகிய அடைப்பானால் மூடி, குழாயின் வெளி நுனியைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். இறுக அடைத்தால் குடுவை வெடிக்கும்.

குடுவையைக் காலையும் மாலையும் தராசில் வைத்து எடை பாருங்கள். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுதான் எடைக் குறைவு. முழுதும் புளித்தால் சுமார் 235 கிராம் குறையும். 200 தாண்டினாலே நல்ல விளைச்சல். 100-லேயே நின்றுவிட்டால் பி.எச். பாருங்கள்: 4-க்குக் கீழே சரிந்திருந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது.

சாதாரண ஈஸ்டையே சூட்டுக்குப் பழக்க முடியாதா?
– ஆசிரியர், தேவகோட்டை

முடியும். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் அதை ஏறக்குறைய 40 டிகிரியில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேறியவற்றை எடுத்தார்கள். 2014-ல் வெளியான முடிவு: ஒரு மரபணு பழுதாகி, செல்சவ்வில் வழக்கமான கொழுப்புப் பொருளான எர்கோஸ்டெராலுக்குப் பதில் ஃபெகோஸ்டெரால் என்ற வேறொன்று சேர்ந்திருந்தது. பழகியது 30 டிகிரியில் முன்போல வேகமாக வளரவில்லை.

சீமைக்கருவேலத்திலிருந்து எத்தனால் எடுக்கலாமா?
– விவசாயி, கண்டனூர்

மார்க்சியானஸ் ஈஸ்டின் உண்மையான மதிப்பு அங்கேதான். மரத்தின் செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் நொதிக்கு 50 டிகிரி பிடிக்கும். சாதாரண ஈஸ்ட் அதன் பக்கத்திலேயே வராது. மார்க்சியானஸ் இருந்தால் சர்க்கரையாக்குவது, புளிக்க வைப்பது இரண்டையும் 42-ல் ஒரே தொட்டியில் நடத்தலாம். ஆனால் அதற்கு முன் செல்லுலோஸை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் முதலான பொருள்களின் கட்டைத் தளர்த்த அமிலம், நீராவி வேண்டும். அப்போது உண்டாகும் ஃபர்ஃப்யூரால் என்ற வேதிப்பொருள் ஈஸ்டுக்கு விஷம். மரத்திலிருக்கும் சைலோஸ் என்ற சர்க்கரையையும் இந்த ஈஸ்ட் எத்தனாலாக்காமல் பெரும்பாலும் சைலிடால் என்ற வேறு பொருளாக்கிவிடும். இன்றைய நிலையில் கரிமூட்டம்தான் உங்களுக்குக் காசு.

வீட்டிலேயே காய்ச்சி பைக்கில் ஊற்றலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

கூடாது. உரிமம் இல்லாமல் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எத்தனை முறை வடித்தாலும் சாதாரண வடிகலனில் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மிச்ச நீரை உறிஞ்ச மூலக்கூறு சல்லடை (நீரை மட்டும் பிடித்துக்கொள்ளும் நுண்துளைப் பொருள்) தேவை. அந்த நீரோடு பெட்ரோலில் கலந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கக்கூடும்.