நான்கு நோட்டுகளும் ஒரு நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டும்

ஐயா, போன சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் உங்கள் மகள் பாப்பாவை அழைத்து வந்தபோது என் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தீர்கள். ஒன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கான கட்டண விவரத்தாள். இன்னொன்று, பாப்பா எழுதி நிரப்பிய நான்கு நீள நோட்டுகள். "இந்தக் கதைப் பைத்தியம் தெளிய ஒரு வழி சொல்லுங்கள்" என்று கேட்டீர்கள். எல்லாம் சரியாகிவிடும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். நோட்டுகளை முழுக்கப் படித்த பிறகு, அப்படிச் சமாதானம் சொன்னது தவறு என்று படுகிறது. அந்தச் சீட்டை வாங்க வேண்டாம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நான்கு ஆண்டுக்கு 15 லட்சம் கடன் என்றீர்கள். 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுத் தவணை போட்டால் மாதம் சுமார் 19,800 ரூபாய் வரும். கட்டி முடிக்கும்போது 23 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி தனி. உங்கள் ஹார்டுவேர் கடையின் வருமானத்தையும் நீங்களே சொன்னீர்கள். கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை, அவள் ஒரு நாளும் ஆசைப்படாத படிப்பில் உட்கார வைக்க இவ்வளவு கடனா? அமெரிக்காவிலிருந்து தினமும் போன் போட்டு வற்புறுத்தும் மைத்துனர், அந்தத் தவணையில் ஒரு மாதமாவது கட்டுகிறேன் என்று சொன்னாரா? கேட்டுப் பாருங்கள்.

பாப்பாவுக்கும் ஒரு சொல். நீ காட்டிய தனியார் பல்கலைக்கழகத்தின் படைப்பிலக்கியப் பட்டமும் வேண்டாம்மா. அதன் கட்டணம் இதைவிட அதிகம். நாவல் எழுத அந்தப் பட்டம் தேவையுமில்லை.

கற்பனை உலகங்களை வைத்து நாவல் எழுதிய அமெரிக்க எழுத்தாளர், உனக்குப் பிடித்த உர்சுலா லெ குவின், அவர் வாழ்க்கையையே பார்ப்போம். 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். படித்தது பிரெஞ்சு, இத்தாலிய இலக்கியம். 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். பிறகு பிரெஞ்சு கற்பித்தார், செயலாளர் வேலையும் பார்த்தார். எழுதி அனுப்பிய நாவல்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பித் திரும்பி வந்தன. 1962இல் ஒரு கற்பனைக் கதைக்கு முதன்முதலாகக் கிடைத்த பணம் 30 டாலர். முதல் நாவல் 1966இல் அச்சானபோது வயது 36. நடுவில் மூன்று குழந்தைகள். அவர்கள் தூங்கிய பிறகு, இரவில்தான் எழுத்து. 1969இல் வெளிவந்து ஹ்யூகோ, நெபுலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் வாங்கிய நாவலைக்கூட, படிக்கவே முடியவில்லை என்று ஓர் ஆசிரியர் முந்தைய ஆண்டு திருப்பி அனுப்பியிருந்தார்.

அவருடைய உலகங்கள் மட்டும் ஏன் உண்மையான ஊர்கள்போல இருக்கின்றன? அவர் வளர்ந்த வீட்டைப் பாருங்கள். அப்பா ஆல்ஃபிரட் குரோபர், மனிதரையும் அவர்கள் வாழ்முறையையும் ஆராயும் மானிடவியலில் பேராசிரியர். கலிபோர்னியப் பழங்குடிகளின் மொழி, வழக்கம், உறவுமுறை எல்லாவற்றையும் பதிவு செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கோடை விடுமுறைக்குப் போகும் பண்ணை வீட்டில் பழங்குடி நண்பர்கள் வந்து தங்குவார்கள். யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சிய மனிதர் 1911இல் வெளியுலகுக்கு வந்தபோது அவரோடு பழகி ஆராய்ந்தவர்களில் குரோபரும் ஒருவர். தன் சொந்தப் பெயரைப் பிறரிடம் சொல்வது அந்த மக்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லாலேயே அவரை அழைத்தார்கள். பின்னாளில் லெ குவின் படைத்த எர்த்சீ தீவுகளில் மந்திரம் முழுக்க மெய்ப்பெயரில்தான் இருக்கிறது. அங்கேயும் யாரும் தன் மெய்ப்பெயரை எளிதில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

இப்போது பாப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். அவள் கதையில் வரும் தீவில் வீடு மகளுக்குப் போகிறது. படகு தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிறது. தாய்மாமனுக்கு ஒரு சொல், அப்பாவின் தம்பிக்கு வேறொரு சொல். சாவு வீட்டில் யார் முதலில் சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் முழுக்க விதிகள். மந்திரவாதி வருவதே மூன்றாவது நோட்டில்தான்! இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது ஐயா. பதினேழு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித் தராமல், மானிடவியல் செய்துகொண்டிருக்கிறாள்.

இந்தப் படிப்பைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் யாரும் பேசுவதில்லை. மனித உடலின் பரிணாமம், சமூகமும் பண்பாடும், தொல்லியல், மொழி என்று நான்கு கிளைகள். ஒரு பக்கம் மண்டையோட்டை அளக்கவும் எலும்பைப் பார்த்து வயது கணிக்கவும் கற்பார்கள். இன்னொரு பக்கம் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாக வம்சாவளி வரைந்து, தினமும் இரவில் களக்குறிப்பு எழுத வேண்டும். யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, விதைநெல் யார் வீட்டில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டுப் பதிய வேண்டும். நாவல் எழுதப் போகிறவளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. வெகுதூரம் போகவும் வேண்டாம். குரோபரின் அதே பெர்க்லியில் பேராசிரியராக இருந்த எமனோ என்ற மொழியியலாளர், 1930களில் நம் நீலகிரியில் தங்கித் தோடர்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதியெடுத்தார்.

இதற்குப் போகும் வழி. டெல்லி பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பி.எஸ்ஸி. ஹானர்ஸ் உண்டு, ஆனால் க்யூட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பாப்பா இந்த ஆண்டு அதற்கு விண்ணப்பிக்கவில்லை. பரவாயில்லை. உங்கள் ஊர் அரசு கலைக் கல்லூரியில் விலங்கியல் எடுக்கட்டும். அவளைக் கேட்டேன், அதில் அவளுக்கு ஆசை இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. மானிடவியல். விலங்கியல் படிக்கும் மூன்று ஆண்டும் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு களக்குறிப்பு நோட்டு அவள் நிரப்ப வேண்டும். அதை நான் பார்ப்பேன்.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன், கம்ப்யூட்டர் வேலைபோல இதில் இடங்கள் குவிந்து கிடக்காது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்கு மைசூருவில் மையம் இருக்கிறது. ஊட்டியில் தமிழக அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள், கல்லூரி ஆசிரியர் பணி, சுகாதாரத் திட்டங்களுக்கான கள ஆய்வு, மக்கள் ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நிறுவன வேலைகள், இவையும் உண்டு. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் மானிடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாளுக்கு 500 மதிப்பெண். எம்.ஏ. முடித்து ஓரிரு ஆண்டு குறைந்த சம்பளத்தில் ஓட்ட வேண்டியிருக்கும். கடன் இல்லாத பிள்ளையால் அதைத் தாங்க முடியும். மாதம் 19,800 கட்ட வேண்டிய பிள்ளையால் முடியாது.

நாவல் எழுதித்தான் பிழைப்பேன் என்று பாப்பா சொன்னால் அதற்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சம்பளம் வேலையிலிருந்து வரட்டும். எழுத்து அவளுடையதாக இருக்கட்டும், அதன்மேல் வீட்டு வாடகையை ஏற்ற வேண்டாம்.

அடுத்த வாரம் சென்னையில் கல்யாணத்துக்குப் போவதாகச் சொன்னீர்கள். அப்படியே அவளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். மானிடவியல் கூடத்தில் அவள் எதன் முன்னால் நிற்கிறாள், எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சீட்டுக்கு முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றீர்கள். கட்டாதீர்கள். நோட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நான்காவதில் கடைசி அத்தியாயம் பாதியில் நிற்கிறது, வாங்கிப் போக அவளையே அனுப்புங்கள்.