26-க்குள் எத்தனை 26?

கேள்வி: ஐயா, என் மகனின் கியர் சைக்கிளுக்குப் பின் டயர் தேய்ந்துவிட்டது. கடையில் '26 இஞ்ச்' என்று கேட்டு வாங்கினேன். மாட்டினால் ரிம்மில் உட்காராமல் லொடலொடவென்று ஆடுகிறது. காற்றை ஏற்றினால் பிடித்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. ட்யூப் ஓரத்தில் பிதுங்கி வெடிக்கும். ஓடும்போது வெடித்தால் பையன் கீழே விழுவான்.

நீங்கள் அனுப்பிய படத்தில் புது டயரில் 26 × 1⅜ என்றும், பழையதில் 26 × 1.95 என்றும் இருக்கிறது. இரண்டும் 26தான், ஆனால் ரிம் வேறு. அந்த 26 என்பது டயரை மாட்டி நிறுத்தினால் வெளிவட்டம் சுமாராக எவ்வளவு வரும் என்ற அந்தக் காலத்துக் கணக்கு. டயர் ஒல்லியாக இருந்தால் அந்த உயரத்தை எட்ட ரிம் பெரிதாக இருக்க வேண்டும், தடித்த டயருக்குச் சின்ன ரிம் போதும். அதனால்தான் 1⅜ டயருக்கு 590 மில்லிமீட்டர் ரிம், உங்கள் 1.95க்கு 559. 31 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் காற்று எப்படி அடைக்கும்?

பள்ளிக்கூடக் கணக்கில் 1.5ம் 1½ம் ஒன்று. டயர் கணக்கில் அப்படி இல்லை. 26 × 1.5க்கு 559 ரிம், 26 × 1½க்கு 584. எவன் வகுத்தானோ!

ஆகவே இஞ்சை விடுங்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 50-559 என்பதுபோல் இன்னொரு எண் இருக்கும். முதலாவது டயரின் அகலம், அது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, மட்கார்டிலும் ஃபோர்க்கிலும் உரசாமல் இருந்தால் சரி. இரண்டாவது, டயரின் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். அதில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

எழுத்து அழிந்துபோயிருந்தால் டயரைக் கழற்றிவிட்டு, அச்சு வழியாக ரிம்மின் ஓரத்துக்கு ஓரம் அளந்து பாருங்கள். 57 சென்டிமீட்டர் பக்கம் வந்தால் 559. 60ஐத் தொட்டால் 590. அதுவும் சிரமமென்றால் வீலையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. புது டயரை அழுக்காக்காமல் கொண்டுபோனால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய ஹெர்குலிஸ், 28 × 1½ டயர். ரேஸ் சைக்கிளின் 700சி டயர் சேருமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: சேராது. உங்களுடையது 635, 700சி என்பது 622. நெம்பி ஏற்றப் பார்த்தால் டயர் லீவர்தான் உடையும். 28 × 1½ இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். மாட்டுமுன் ரிம்மின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மழைத் தண்ணீரில் ஓட்டிய இரும்பு ரிம்மில் துரு பல்லாக நிற்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.