இரை குறைந்தால் மிதவையுயிரிகள் முட்டையிடுவதும் குறையுமா?

கடலில் நுண்பாசி குறைந்தால், அதைத் தின்று வாழ்ந்து மீன்குஞ்சுகளுக்கு இரையாகும் விலங்கு மிதவையுயிரிகளின் இனப்பெருக்கமும் குறையுமா என்று காசிமேட்டு நண்பர் கேட்டிருக்கிறார்.

குறையும், ஆனால் எவ்வளவு விரைவில் என்பது உடலில் சேமித்துள்ள கொழுப்பைப் பொறுத்தது. எண்ணூர் முகத்துவாரம் போன்ற கரையோர நீரில் வாழும், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள அகார்ஷியா என்னும் துடுப்புக்காலிக்கு (இறாலுக்கு உறவான சிறு மிதவையுயிரி) சேமிப்பு மிகக் குறைவு. அன்றன்று தின்றதையே அது முட்டையாக்குவதால், இரை நின்ற சில நாள்களில் முட்டையிடுவதும் பெரிதும் நின்றுவிடும். ஆர்க்டிக் கடலின் கலனஸ் ஹைப்பர்போரியஸ் என்னும் துடுப்புக்காலி இனமோ, முன்பே சேர்த்த கொழுப்பைக் கொண்டு, இரை அரிதான குளிர்காலத்தில் ஆழ்நீரில் முட்டையிடுகிறது. என் பார்வையில், இரையின் அளவோடு தரமும் கவனிக்கத்தக்கது: ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் குறைந்த பாசியைத் தின்றால், முட்டைகள் இடப்பட்டாலும் அவற்றுள் பல பொரியாமலே போகக்கூடும்.