தில்லிக் குளிரில் பன் மாவு உப்புமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பன் செய்ய 300 கிராம் மைதாவில் ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெண்ணெய் சேர்த்து, குளிர்காலமாயிற்றே என்று பாலைக் கொதிக்கவைத்து, சற்றே ஆறியதும் ஊற்றிப் பிசைந்தேன். ஒரு மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும் என்று குறிப்பில் இருந்தது. மூன்று மணி நேரமாகியும் வைத்தது வைத்தபடியே இருந்தது. எங்கே தவறு?
– வாசகி, மயூர் விகார், தில்லி

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, பாலின் சூடு. ஈஸ்ட் உயிருள்ள பொருள். ஏறத்தாழ 55 டிகிரியைத் தாண்டும் சூட்டில் அது மடியத் தொடங்கிவிடும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்குமுன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அந்த வெதுவெதுப்புக்கு மேல் வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் ஊர்க் குளிர். சென்னையில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி வழியும். அதே மாவு இங்கே ஜனவரியில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடப்பதைத் தில்லியில் குடியிருக்கும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இட்லி மாவுப் பாத்திரத்தை ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைக்குள் பொதிந்து வைக்கும் நாம், ரொட்டி மாவை மட்டும் கடிகாரத்தை நம்பிச் சமையல் மேடையிலேயே விட்டுவிடுகிறோம். குறிப்பில் உள்ள அந்த ஒரு மணி நேரம், 27 டிகிரி அளவுள்ள சமையலறைக்குப் பொருந்துவது. ஆகவே நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்த முறை, ஓ.டி.ஜி. என்னும் மின் அடுப்பை மூட்டாமல் அதனுள் ஒரு கிண்ணம் கொதிநீரை வைத்து, பக்கத்தில் மூடிய மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். மாவு இரு மடங்கானதும் உருண்டைகளாக்கித் தட்டில் அடுக்கி, மீண்டும் அதே கதகதப்பில் வையுங்கள். அவை உப்பியபின், மைதா தொட்ட விரலால் ஓர் உருண்டையின் ஓரத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மேலெழும்பி மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாகப் பாதியளவு எழும்பி நின்றால், தட்டை வெளியே எடுத்துவிட்டு அடுப்பை 180 டிகிரிக்குச் சூடாக்கி, 18 முதல் 20 நிமிடம் சுடலாம்.

உப்பாத மாவை எறிந்துவிடாதீர்கள். முதலில் அதைக் கதகதப்பில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். குளிர் மட்டுமே காரணமென்றால் எழும்பிவிடும். அப்போதும் அசையவில்லையென்றால், இரண்டு மேஜைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வந்தால் அதைப் பழைய மாவிலேயே ஊற்றி, கொஞ்சம் மைதா தூவிப் பிசைந்துவிடலாம். நுரைக்கவில்லையென்றால் குற்றம் உங்களுடையதன்று. அந்த ஈஸ்ட் பழையது.

கேள்வி: மைதா வேண்டாமென்று சப்பாத்திக்கு வாங்கும் ஆட்டாவிலேயே பன் செய்தேன். ஆறியதும் கல்லாகிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், கரோல் பாக், தில்லி

பதில்: சக்கியில் (அரவைக் கல்லில்) அரைத்த ஆட்டா மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும், அதிலுள்ள தவிட்டுத் துகள்கள், மாவை இழுத்துப் பிடிக்கும் க்ளூட்டன் இழைகளை அறுத்துவிடும். 100 கிராம் மைதாவுக்கு 60 முதல் 65 மி.லி. போதுமென்றால், ஆட்டாவுக்கு 75 மி.லி. வரை பிடிக்கும். சப்பாத்தி மாவின் பதத்தைக் கை தேடும். அதற்கு இடம் கொடாமல், விரலில் லேசாக ஒட்டும் பதத்திலேயே நிறுத்துங்கள். மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு பிசைந்தால் தவிடும் மிருதுவாகும். முதல் சில முறை பாதி ஆட்டா, பாதி மைதா என்று தொடங்குவது நல்லது. முழு ஆட்டா பன் ஒருபோதும் கடை பன் போலப் பஞ்சாக இராது, ஆனால் அதன் கோதுமை மணம் தனி.

கேள்வி: பன்னின் மேல்தோல் மொறமொறவென்று இறுகிவிடுகிறதே?
– வாசகி, ஆர்.கே.புரம், தில்லி

பதில்: அடுப்பிலிருந்து எடுத்தவுடன் வெண்ணெய் தடவி, ஆறும்வரை சுத்தமான பருத்தித் துணியால் மூடிவையுங்கள். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கே இன்னும் விரைவில் வறண்டு இறுகும். மூடிய டப்பாவில் வெளியிலேயே வைத்து, மறுநாள் இட்லித் தட்டில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் போதும்.