வெளியேற்ற அழுத்தத்தைக் குறைத்தால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி: எங்கள் காற்றுக் கம்ப்ரசர் 7 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) ஓடுகிறது. 6 பாருக்கு இறக்கினால் மின்செலவு ஏழில் ஒரு பங்கு குறையுமா, ஐயா?

பதில்: அவ்வளவு குறையாது. வாயுவை அழுத்த ஆகும் வேலையைத் தீர்மானிப்பது அழுத்தங்களின் வித்தியாசம் அன்று, அவற்றின் விகிதமே. அதையும் கேஜ் (அழுத்தமானி) காட்டும் எண்ணோடு வளிமண்டல அழுத்தத்தை, அதாவது ஏறக்குறைய 1 பாரை, கூட்டிய பிறகே கணக்கிட வேண்டும். அப்படிப் பார்த்தால் நீங்கள் 8-லிருந்து 7-க்கு இறங்குகிறீர்கள். அழுத்தும்போது வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால் வேலை 6.4 சதவீதமும், வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்று கொண்டால் 8.4 சதவீதமும் குறைகிறது. திட்டமிடும்போது 6 முதல் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்களில் உள்ள ஓட்டைகள் வழியே கசியும் காற்றும் எட்டில் ஒரு பங்கு குறையும் என்பது தனி ஆதாயம்.

கேள்வி: நாங்கள் நைட்ரஜனை வளிமண்டல அழுத்தத்திலிருந்து 40 பாருக்கு ஏற்றுகிறோம். எங்களுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. 41-லிருந்து 40-க்கு இறங்குவதில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. நீங்கள் கவனிக்க வேண்டியது உறிஞ்சும் பக்கத்தை. அங்கே ஃபில்டர் அடைத்துக்கொண்டு 50 மில்லிபார் இழப்பு ஏற்பட்டால், விகிதக் கணக்கில் அது வெளியேற்றத்தில் 2 பாருக்குமேல் ஏற்றியதற்குச் சமம்.

கேள்வி: எல்லா இயந்திரங்களுக்கும் 5.5 பார் போதும். ஆனால் வரிசையின் கடைசியில் உள்ள ஓர் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுவதால் கம்ப்ரசரை 7.5-இல் வைத்திருக்கிறோம். குறைக்க வழி உண்டா?

பதில்: ஓர் இயந்திரத்துக்காக ஆலை முழுவதற்கும் அழுத்தத்தை ஏற்றி வைப்பது நான் அதிகம் பார்க்கும் வீண்செலவு. முதலில், தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கம்ப்ரசரின் வாயில், காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையருக்குப் பின், முதன்மைக் குழாயின் கடைசி முனை, அந்த இயந்திரத்தின் நுழைவு ஆகிய நான்கு இடங்களிலும் ஒரே சமயத்தில் அழுத்தத்தை அளந்து பதியுங்கள். முதன்மைக் குழாயில் 7 பாரும் இயந்திரத்தில் 5 பாரும் காட்டினால், நடுவில் உள்ள ஹோஸ், கப்ளிங், ரெகுலேட்டர் ஆகியவற்றில் ஏதோ ஒன்று சிறிய அளவில் இருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது என்று பொருள். அதை மாற்ற ஆகும் செலவு, ஆண்டு முழுவதும் கூடுதல் அழுத்தத்துக்குக் கட்டும் மின்கட்டணத்தோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. தேவை சில விநாடிகள் மட்டும் எகிறுவதாக இருந்தால், இயந்திரத்தின் அருகில் ஒரு சிறிய காற்றுத் தொட்டியே போதும். அதன்பின் ஒரு தடவைக்கு 0.1 அல்லது 0.2 பார் மட்டும் இறக்கி, ஒரு முழு ஷிஃப்ட் பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

கேள்வி: சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரசரில் (சுழலும் சக்கரத்தால் வாயுவைத் தள்ளும் வகை) அழுத்தத்தைக் குறைத்தோம்; மோட்டாரின் ஆம்பியர் கூடிவிட்டது. ஏன்?

பதில்: வேகம் மாறாத நிலையில் எதிர் அழுத்தம் குறைந்தால் அது கூடுதல் வாயுவைத் தள்ளும், கூடிய ஓட்டமே மிச்சத்தை விழுங்கிவிடுகிறது. நுழைவாயிலில் உள்ள வழிகாட்டித் தகடுகளை மூடியோ வேகத்தைக் குறைத்தோ ஓட்டத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால்தான் பலன் தெரியும். வெளியேற்ற வால்வை நெரித்து ஓட்டத்தைக் குறைத்தால் கம்ப்ரசர் பழைய அழுத்தத்துக்கே உழைக்கும்.

கேள்வி: ஆயில் இடும் ஸ்க்ரூ கம்ப்ரசரை எவ்வளவு தூரம் இறக்கலாம்?

பதில்: தயாரிப்பாளர் குறிப்பிட்ட குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே போக வேண்டாம். அழுத்தம் குறையும்போது அதே எடையுள்ள காற்று அதிக இடத்தை அடைத்துக்கொண்டு வேகமாக ஓடுவதால், ஆயிலைப் பிரிக்கும் செப்பரேட்டரைத் தாண்டி ஆயில் வெளியேறும்; டிரையருக்கு வரும் ஈரச்சுமையும் கூடும். மேலும் ஸ்க்ரூவின் உள்ளமைந்த விகிதம் (காற்றை உள்ளே எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு) மாறாததாக இருந்தால், காற்று உள்ளேயே தேவைக்கு மேல் அழுத்தப்பட்டுவிடும் என்பதால் கணக்கில் வரும் மிச்சம் முழுவதும் மீட்டரில் வராது.

கேள்வி: அம்மோனியா குளிரூட்டும் ஆலைக்கும் இது பொருந்துமா?

பதில்: பொருந்தும். வெளியேற்ற அழுத்தம் குறையும்போது, வாயுவைத் திரவமாக்கும் கன்டென்சரின் வெப்பநிலையும் குறையும்; அது ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் கம்ப்ரசரின் மின்சாரம் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் குறையும். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் இரவுகளில் அழுத்தத்தைத் தானாக இறங்க விடலாம். திரவத்தின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் சூடான வாயுவால் பனி நீக்கும் அமைப்புக்கும் தேவைப்படும் அழுத்தமே கீழ் எல்லை.