ஜப்பானில் பன்றி இறைச்சி சேராத ராமென் சாப்பிட்டிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி இருந்தது?

சாப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கும் மாதம் இரண்டு முறையாவது சாப்பிடுகிறேன்.

டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முழுக்க, ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் கடைகளைக் கண்டால் ஒதுங்கிப் போனேன். பன்றி எலும்பு கொதிக்கும் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறும். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. உடன் வேலை பார்த்த ஒருவர்தான், "கோழிச் சாற்றையும் உப்பையும் நம்பி நடக்கும் கடை ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா?" என்று அழைத்துப் போனார். ஜப்பானிய மொழியில் டோரி என்றால் கோழி, ஷியோ என்றால் உப்பு. டோரி ஷியோ என்ற பெயரில் கேட்டால் இந்த வகை கிடைக்கும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள்கள் சாய்த்து வைத்திருக்கும் ஒரு சந்தில் இருந்தது கடை. எட்டே இருக்கைகள், எல்லாம் அடுப்பைப் பார்த்தபடி ஒரே வரிசையில். உள்ளே நுழைந்ததும் டிக்கெட் இயந்திரம். பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும்; அதைச் சமைப்பவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். எழுத்து படிக்கத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். இடது பக்கம் மேல் மூலையில் உள்ள பொத்தான்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் முதன்மையான ராமென். சில்லறையாகக் கொஞ்சம் நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் வெளிவந்த புதிய நோட்டுகளைச் சில பழைய இயந்திரங்கள் ஏற்காது.

கேள்வி கேட்டவர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாறு கோழியாக இருந்தாலும், மேலே வைக்கும் சாஷூ என்ற இறைச்சித் துண்டு பன்றியாக இருக்கலாம். சீட்டைக் கொடுக்கும்போதே "புதா நாஷி" என்று சொல்லிவிடுங்கள். பன்றி வேண்டாம் என்று பொருள். நான் சொன்னதும் சமைப்பவர் தலையசைத்து, கோழி நெஞ்சுக்கறித் துண்டுகளாகவே வைத்துக் கொடுத்தார். உப்புக் கலவையில் மீனோ சிப்பியோ பெரும்பாலும் இருக்கும். சில கடைகள் கோழியோடு பன்றி எலும்பையும் சேர்த்து வேகவைப்பதுண்டு. கண்டிப்பாகத் தவிர்ப்பவர்கள் சாற்றைப் பற்றியும் தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் இருக்கை கிடைத்ததால் அவர் செய்வது முழுவதையும் பார்க்க முடிந்தது. பெரிய பாத்திரத்தில் கோழி எலும்புகளும் முழுக் கோழிகளும் கிடந்தன, ஆனால் தண்ணீர் கொதிக்கவில்லை. அங்கங்கே ஒரு குமிழி எழுந்து உடைந்தது, அவ்வளவுதான். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பும் எலும்பின் பசையும் தண்ணீரோடு கலந்து சாறு பால்போல வெளுத்துவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் ஒரு தனி வகை. அதை டோரி பைடான் என்கிறார்கள். இந்தக் கடையில் வேண்டியது தெளிவு. அதற்காகப் பல மணி நேரம் தீயைச் சிறிதாகவே வைத்து, மேலே திரளும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தப் பாத்திரத்தில் உப்பு கிடையாது. உப்பு, தாரே என்ற அடர்ந்த கலவையாகத் தனியே இருக்கிறது; கோம்பு என்ற கடற்பாசியையும் உலர்ந்த கடல் பொருள்களையும் ஊறவைத்து அதில் உப்பைக் கரைப்பார்கள். சூடேற்றிய கிண்ணத்தில் முதலில் ஒரு சிறு கரண்டி தாரே, பிறகு கோழிக் கொழுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய், அதன்மேல் சாறு, கடைசியில் நூடுல்ஸ். கோம்பின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்பதை 1908-இல் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் கண்டறிந்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். கோழி இறைச்சியில் உள்ள இனோசினேட்டும் அதோடு சேரும்போது சுவை பல மடங்கு பெருகுகிறது. அந்தக் கிண்ணத்தின் அடியில் நடப்பது அதுதான்.

சாறு நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தது. கிண்ணத்தின் அடி தெரிந்தது. முதல் வாயில் உப்பு, உடனே கோழி, விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்ற ஒரு இனிப்பு. சோயா சாஸோ, மிசோ என்ற புளித்த சோயா விழுதோ போட்டால் சுமாரான சாறும் ஒப்பேறிவிடும். இங்கே அந்த வசதி இல்லை. தீ கொஞ்சம் ஏறியிருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். ராமென் வகைகளிலேயே இதைத்தான் நான் உயர்வாக வைக்கிறேன்.

ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே மிதக்கும் எண்ணெய் சூட்டை வெளியே விடாது; நூடுல்ஸ்தான் ஊறிக் குழைந்துவிடும். காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சினால் வாய்க்குச் சூடு குறையும், மணமும் மூக்குக்கு ஏறும். சத்தமில்லாமல் சாப்பிடச் சொல்லி வளர்க்கப்பட்ட எனக்கு இது பழகச் சில வாரங்கள் ஆயின. பாதி ஆனதும் ஒரு துண்டு யுசு பழத்தோல் வாயில் அகப்பட்டது. நாரத்தையையும் எலுமிச்சையையும் நினைவூட்டும் அந்த மணத்தில் மீதிக் கிண்ணம் வேறொரு உணவாகவே மாறிவிட்டது.

சாற்றை மிச்சம் வைப்பது தவறில்லை. முழுவதும் குடித்தால் உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 5 கிராம் உப்பு வரம்பை அந்த ஒரு கிண்ணமே தாண்டிவிடலாம். நான் அன்று முழுவதும் குடித்தேன்.

கிண்ணத்தை மேடைமேல் தூக்கி வைத்து, முன்னால் இருந்த ஈரத்துணியால் இடத்தைத் துடைத்துவிட்டு, "கோச்சிசோசாமா" என்றேன். உணவிட்டவருக்குச் சொல்லும் நன்றி அது. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சிரித்தார். நான் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. பின்னாலேயே வந்து அவர் வாசல் துணித்திரையைக் கழற்றினார். அன்றைய சாறு தீர்ந்துவிட்டது. சந்து முனையில் வந்துகொண்டிருந்த இரண்டு பேருக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். எனவே போவதாக இருந்தால் பதினொன்றரை மணிக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள்.