ஹராஜுகுவில் துணி வாங்கினால் மாற்றித் தருவார்களா?

கேள்வி: டிசம்பரில் டோக்கியோ போகிறோம். அங்குள்ள ஹராஜுகு பகுதியில்தான் உடைகள் வாங்குவேன் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். அளவு பொருந்தாவிட்டால் மாற்றலாமா? சுற்றுலாப் பயணிகளுக்கு வரி கிடையாதாமே?

பதில்: மாற்றித் தருவார்கள் என்று நம்பி வாங்காதீர்கள். நேரில் போய் வாங்கிய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் ஜப்பானிலும் இல்லை. அது கடைக்காரர் விருப்பம். ஜிப் பழுது, தையல் பிரிவு என்றால் பில்லோடு போனால் கவனிப்பார்கள். அளவு சேரவில்லை என்பது பல கடைகளில் எடுபடாது, பழைய உடைக் கடைகளில் கேட்கவே வேண்டாம்.

அதனால் அளவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். மகளுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், தோள், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் குறித்து போனில் வைத்துக்கொள்ளட்டும். ஹராஜுகுவின் கேட் ஸ்ட்ரீட் தெருப் பக்கமுள்ள பழைய உடைக் கடைகளில் விலைச்சீட்டிலேயே இந்த அளவுகள் இருந்தால், எஸ், எம் எழுத்துகளைவிட அவற்றை நம்பலாம். அக்குள் அளவு 48 என்றால் சுற்றளவு 96 தான். மார்பளவு 94 உள்ளவருக்கு இழுபடாத துணியில் அது இறுகும். 'ஃப்ரீ சைஸ்' பெரும்பாலும் ஒல்லி உடம்புக்குத் தைத்தது. காலணிக்கும் சென்டிமீட்டர்தான். போட்டுப் பார்க்கும் அறைக்குள் செருப்போடு ஏறக் கூடாது. மேக்கப் துணியில் ஒட்டாமலிருக்க முகத்துக்கு மெல்லிய உறை தருவார்கள்.

வரி 10 சதவீதம். ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென், அதாவது சீட்டில் 5,500 யென், வாங்கினால் விலக்கு உண்டு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. 2026 அக்டோபர் 31 வரை கடையிலேயே கழித்துவிடுவார்கள். நவம்பர் 1 முதல் வரியோடு முழுத்தொகை கட்டி, நாடு திரும்பும்போது விமான நிலையத்தில் சுங்கம் உறுதிசெய்த பிறகே பணம் திரும்பும். ஆகவே வாங்கியதைச் செக்-இன் பெட்டிக்குள் புதைத்துவிட வேண்டாம், காட்டச் சொல்லலாம். சின்னக் கடைகள் பல இத்திட்டத்தில் சேர்வதில்லை. 'டாக்ஸ் ஃப்ரீ' பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாலு கடைகளில் ஆயிரம் ஆயிரமாக வாங்கினால் ஒன்றும் கிடைக்காது.

கார்டு மெஷின் யென்னா, ரூபாயா என்று கேட்டால் யென். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இழப்பீர்கள்.

ஹராஜுகுவின் கடைத்தெருவான தகேஷிதா தெருவுக்கு வார நாளில், கடை திறக்கும் நேரத்தில் போங்கள். ஞாயிறு பிற்பகல் நெரிசலில் தையலைத் திருப்பிப் பார்க்கக்கூட இடமிருக்காது. வழியில் மடக்கிக் கடைக்குள் அழைப்பவர்கள் பின்னால் போக வேண்டாம்.